வெள்ளவத்தையா, வளசரவாக்கமா?

போன கிழமை ஒரே இரவில் இரண்டு குரல்பதிவுகள் வந்தன. ஒன்று வெள்ளவத்தையிலிருந்து: "மச்சான், இந்த முறையாவது கொழும்புக்கு வா, ஊரைச் சுத்திக் காட்டுறன்." மற்றது சென்னை வளசரவாக்கத்திலிருந்து: "டேய், என்னை அடையாளம் தெரியிற வயசிலேயே ஒருக்கா வந்திட்டுப் போ." இரண்டு பேரும் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்ததோடு மூன்று பேரும் மூன்று திசையானோம். ஒருவன் வன்னி வழியாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தான். மற்றவன் அடுத்த ஆண்டு மன்னாரில் வள்ளம் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினான். நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கே திரும்பி வந்தேன். இப்போது என் கையில் இருப்பது ஆறு நாள் லீவும், முடிந்த சீட்டொன்றின் காசும்தான். இரண்டு ஊருக்கும் போக அது காணாது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி எனக்கு மட்டும் உரியதல்ல. யாரைக் கேட்டாலும் ஒரு கூட்டாளி கொழும்பில், ஒருவர் சென்னையில், மிச்சப் பேர் விமானக் காசைக் கேட்டாலே தலை சுற்றுகிற நாடுகளில். ஆகவே நான் போட்ட கணக்கை அப்படியே இங்கே எழுதுகிறேன். என் முடிவு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். கணக்கு உதவும்.

முதலில் போகிற வழி. கொழும்புக்கு இரவுச் சொகுசு பஸ்தான் பெரும்பாலானோரின் தெரிவு. இரவுச் சாப்பாட்டோடு ஏறினால், முறிகண்டியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் கையில் ஒரு சுருள் கச்சானுமாக இறங்கி ஏறி, விடியப்புறம் காலி வீதியில் நண்பனின் ஒழுங்கை முகப்பிலேயே இறங்கலாம். ஓட்டோக் காசு மிச்சம், லொட்ஜ் காசு மிச்சம், பகல் பொழுதும் மிச்சம். ஐம்பதைத் தாண்டிய முதுகுக்கு மட்டும் அது ஒத்துவராது. பஸ்ஸில் போன முதல் நாள் முழுக்க நண்பனின் செற்றியில் படுத்தே கழியும் என்பது என் அனுபவம். அப்படியென்றால் மிச்சப்பட்ட பகல் எங்கே?

ரயில் எனக்குப் பிடிக்கும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர், எழும்பி நடக்கலாம், கதவோரம் நிற்கலாம். 1990 ஜூனில் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பி வந்தபோது, பயணமே இல்லாதவர்களும் சும்மா பார்க்கப் போனார்கள், நானும் போனேன். ஆசனப் பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கும். நீண்ட விடுமுறை வருகிற கிழமைகளில் பட்டென்று முடிந்துவிடும். பாதைத் திருத்த வேலைகளால் இந்தச் சில வருடங்களில் நேர அட்டவணை அடிக்கடி மாறியிருக்கிறது. அதனால் பழைய நினைவை நம்பி நிலையத்துக்குப் போக வேண்டாம்.

சென்னைக்கு, பலாலி. கொஞ்சக் காலத்துக்கு முன்வரை சென்னை போவதென்றால் முதலில் எட்டு மணித்தியாலம் தெற்கே கட்டுநாயக்கவுக்குப் போய், அங்கே விமானம் ஏறி வடக்கே திரும்ப வேண்டும். சுற்றிப்போகும் அந்த முட்டாள்தனம் 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானதோடு முடிந்தது. கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசெம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்ரெம்பரில் இன்னொரு நிறுவனமும் சேர்ந்துகொண்டது. சிறிய விமானம், ஒன்றேகால் மணித்தியால அளவுப் பயணம். வீட்டில் காலைத் தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டால் பின்னேரம் சென்னையில் தேநீர் குடிக்கலாம். கொழும்பு நண்பனைவிடச் சென்னை நண்பன் எனக்குக் கிட்ட இருக்கிறான் என்பதை இந்தக் கணக்குப் போட்டபோதுதான் உணர்ந்தேன்.

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் இருக்கிறது. 2023 ஒக்ரோபரில் தொடங்கி நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. சாமான் கூடக் கொண்டுபோகிறவர்களுக்கும், சிதம்பரம், வேளாங்கண்ணி, திருநள்ளாறு என்று நேர்த்தி வைத்தவர்களுக்கும் அது நல்லது. சென்னைக்கென்றால், நாகபட்டினத்தில் இறங்கிய பிறகு இன்னும் 300 கிலோமீற்றர் பஸ் இருக்கிறது. கடல் குழம்பினால் கப்பலும் போகாது. ஆறு நாள் லீவுக்காரருக்கு அது சரிவராது.

சரி, காசும் கடதாசியும். இதில் கொழும்பு சுலபமாக வெல்லும். அடையாள அட்டையும் மாற்றுடுப்பும் போதும். சென்னைக்குக் கடவுச்சீட்டு, விசா, விமானக் காசு எல்லாம் வேண்டும். ஓர் இந்திய ரூபாய்க்கு நம்முடைய மூன்று ரூபாய்க்கும் மேலே கொடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே ஐம்பது ரூபாய்க் காப்பியை மலிவென்று நினைக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. விசா விண்ணப்பத்தில் இந்தியாவில் ஒருவருடைய பெயரும் விலாசமும் தொலைபேசி எண்ணும் கேட்பார்கள். நண்பனிடம் அவற்றைக் கேட்கும்போதே, தங்குவது அவன் வீட்டிலென்றால் பொலிஸுக்கு ஏதும் அறிவிக்க வேண்டுமா என்றும் விசாரித்து வைக்கச் சொல்லுங்கள். அவன் அகதி முகாமுக்கு வெளியே பதிவோடு இருக்கிற ஆளென்றால் இது இன்னும் முக்கியம். நம்முடைய இரண்டு நாள் சந்தோஷத்துக்காக அவனுக்கு ஒரு அலைச்சல் வரக் கூடாது.

இதுவரை எழுதியது எந்தப் பயண முகவரும் சொல்லக்கூடியதுதான். எனக்கு இரண்டு நாள் நித்திரை கெடுத்த விடயம் வேறு: அந்த ஊரில் அவனுக்கு எத்தனை மணித்தியாலம் இருக்கிறது?

வெள்ளவத்தையான் கணக்காய்வு வேலை செய்கிறான். காலை ஏழரைக்கு வெளிக்கிட்டால் இரவு ஏழரைக்குத்தான் வீடு. சனிக்கிழமை பிள்ளைகளின் ரியூசனுக்கு ஏற்றி இறக்க வேண்டும். "ஊரைச் சுத்திக் காட்டுறன்" என்று அவன் சொன்னதில் பொய்யில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கும் பௌர்ணமி விடுமுறையான பொயாவுக்கும் வெளியே அது நடக்காது. போன முறை நான் போயிருந்தபோது மூன்று நாள் அவனுடைய பல்கனியில் இருந்து காலி வீதி வாகனங்களை எண்ணினேன். அவன் வந்ததும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் நித்திரை. இதற்கு யாழ்ப்பாணத்திலிருந்தே போன் எடுத்திருக்கலாம். அவனைக் குறை சொல்லவில்லை. நாளைக்கு அவன் கொக்குவிலுக்கு வந்தாலும் நான் சங்கக் கடைக் கணக்கோடுதான் இருப்பேன்.

வளசரவாக்கத்தான் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறான். டிசெம்பர், ஜனவரியில் புத்தகக் காட்சி வேலையில் அவனுக்குச் சாப்பிடவும் நேரமிராது. தைப்பொங்கல் கழிந்து அந்த அமளி அடங்கியதும் நான்கைந்து நாள் தாராளமாக விடுமுறை கிடைக்கும். அதைவிட ஒன்று: அவன் வேலை செய்கிற இடத்தில் நான் போய் ஒரு கதிரையில் இருக்கலாம். மைவாசனையும் இயந்திரச் சத்தமுமாக அந்த ஊரின் ஒரு நாள் எப்படிப் போகிறதென்று பார்க்கலாம். கொழும்பு நண்பனின் அலுவலகத்தில் வரவேற்பு மேசையைத் தாண்ட என்னை விட மாட்டார்கள்.

ஆகவே நண்பனிடம் முதலில் கேட்க வேண்டியது "எப்ப வரட்டும்?" அல்ல, "எப்ப உனக்கு லீவு?" என்பதுதான். எங்கள் ஆட்கள் இதைக் கேட்க மாட்டார்கள். கேட்டால், வரப் பிரியமில்லாதது போல ஆகிவிடும் என்று ஒரு கூச்சம்.

இனி ஊர்கள். சேர்ந்து சுற்றுவதற்குக் கொழும்பு கைக்கடக்கமான ஊர். வெள்ளவத்தை நிலையத்தில் கரையோர ரயில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று கடலைத் தொட்டுக்கொண்டு கோட்டைக்குக் கால் மணித்தியாலமளவில் போய்விடலாம். அலை பெரிதானால் முகத்தில் உப்புத் தண்ணீர் தெறிக்கும். அந்த ரயிலில் வேலைநாள் காலையிலோ மாலையிலோ ஏறாதீர்கள். தெறிக்கிறது தண்ணீராக இராது, பக்கத்து ஆளின் வியர்வையாக இருக்கும். கோட்டையில் இறங்கினால் புறக்கோட்டை நடைதூரம். 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல், தங்கம் விற்கிற செட்டியார் தெரு, அங்கே கதிரேசன் கோயில்கள், இன்னும் நடந்தால் கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயில். அதன் தூண்களுக்கிடையே நின்றால் வெளியே துறைமுக லொறிகளின் சத்தம் கேட்காது. என்னைக் கேட்டால், கொழும்பில் யாழ்ப்பாணத்தான் ஒருவன் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் அதுதான். காலிமுகத்திடல் இரண்டாவது. அங்கே இறால் வடையை வாங்கிக்கொண்டு கதைக்க ஓர் இடம் தேடினால் போதும், பின்னேரம் தானாகப் போகும்.

தேசிய அருங்காட்சியகம் 1877இலிருந்து இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஓடி ஓடிப் பார்த்ததைத் தவிர எங்களில் யார் ஆறுதலாகப் பார்த்திருக்கிறோம்? பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் எடுத்த நடராசரும் மற்ற வெண்கலங்களும் அங்கேதான். காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்லும் அங்கேதான். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட அந்தக் கல்லைச் சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்தார். சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தென்னாவர நாயினார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர் தமிழிலும் எழுத வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. அந்தக் கல்லுக்கு முன்னால் இரண்டு கூட்டாளிகள் நின்றால் ஒரு மணித்தியாலம் வாதாடலாம்.

தமிழ்ப் புத்தகம் வேண்டுமானால் வெள்ளவத்தையிலேயே, 57ஆம் ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் இருக்கின்றன. தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயரம். 2022 செப்ரெம்பரில் திறந்தார்கள். வெள்ளவத்தையான் அதைத் தினமும் பார்க்கிறான், இன்னும் ஏறவில்லை. பெரிய ஊரில் இருக்கிறவர்களின் குணம் அது. விருந்தாளி வந்தால்தான் அவர்கள் தங்கள் ஊரைப் பார்ப்பார்கள்.

சென்னை அப்படிக் கைக்குள் அடங்காது. அங்கே ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளாவிட்டால் முழு நாளும் வாகன நெரிசலில்தான் கழியும். விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையம் இருப்பது பெரிய உதவி. ஆனால் வளசரவாக்கம் போகிற ஆற்காடு சாலையை மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அங்கே பத்து நிமிடம் என்று சொன்னால் நாற்பது என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறான் நண்பன்.

அவனும் நானும் போட்ட பட்டியலில் கடைத்தெரு இல்லை. தியாகராய நகரில் சேலை எடுக்காமல் வந்தால் வீட்டில் வரவேற்பு எப்படியிருக்கும் என்று தெரியும், ஆகவே அதற்கு ஒரு காலை ஒதுக்கியாயிற்று. மற்ற நாட்கள் எங்களுக்கு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களும் சோழர் வெண்கலங்களும். அதே வளவில் 1896இல் திறந்த கன்னிமரா நூலகம். கோட்டூர்புரத்தில் ஒன்பது மாடி அண்ணா நூற்றாண்டு நூலகம். 1981இல் தன் ஊர் நூலகம் எரிந்த புகையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஒன்பது மாடியும் எப்படித் தெரியும் என்று நான் எழுதப் போவதில்லை. போய்ப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

பிறகு தங்கசாலைத் தெரு. இது அச்சுக்காரனான நண்பனின் யோசனை. ஆறுமுக நாவலர் 1849இல் அச்சியந்திரம் வாங்கக் கடல் கடந்து சென்னைக்குத்தான் போனார். பிற்காலத்தில் அந்தத் தெருவிலேயே அச்சுக்கூடமும் நடத்தினார். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். ஏட்டிலிருந்து தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சுக்குக் கொண்டுவந்த ஆள். இன்றைக்கு அந்தத் தெருவில் நாவலரின் சுவடு ஒன்றும் இராது. எவர்சில்வர் கடைகளும் இனிப்புக் கடைகளும்தான் என்று நண்பன் முன்பே சொல்லிவிட்டான். என்றாலும், யாழ்ப்பாணத்திலிருந்து போய் அங்கே அச்சில் கைவைத்த மூன்றாம் ஆள் நான்தான் என்று அவன் அளந்துகொண்டு வருவான். அதைக் கேட்கவே நடக்கலாம்.

மாலையில் மெரினா. கடற்கரை நீளம், ஆனால் தண்ணீருக்குப் போக மணலில் நடக்கிற நடை அதைவிட நீளம் போலிருக்கும் என்கிறான். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளும் நல்லூரை நினைப்பூட்டுமாம். இதை நான் நம்பவில்லை. நல்லூர் மணல் அங்கே எங்கே இருக்கிறது?

காலநிலையை இங்கேயே சொல்லிவிடலாம். ஒக்ரோபரிலிருந்து டிசெம்பர் வரை யாழ்ப்பாணத்தில் பெய்கிற அதே மழைதான் சென்னையிலும். மே மாதம் அங்கே கத்திரி வெயில். கொழும்பில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும். ஜனவரிக் கடைசியும் பெப்ரவரியும் இரண்டு ஊருக்கும் ஒத்துவரும். கொழும்பில் பெப்ரவரி 4 சுதந்திர தினத்துக்கு முன் ஒத்திகைக்காகச் சில வீதிகளை மூடிவிடுவார்கள், அதை மட்டும் கவனியுங்கள்.

எங்கே தங்குவது என்பதைப் பற்றி யாரும் வெளிப்படையாகக் கதைப்பதில்லை. நண்பன் வீடு இருக்க லொட்ஜில் தங்கினால் அவனுக்கு மரியாதைக் குறைவு என்பது எங்கள் ஊர்ச் சட்டம். ஆனால் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இரண்டு அறை, ஒரு குளியலறை, நான்கு பேர், அதோடு அவன் மாமியார். நான் போனால் அவன் மகன் படிக்கிற மேசையை விட்டுக் கூடத்துக்கு வருவான். காலை இடியப்பமும் சொதியும், மத்தியானம் மீன்குழம்பு, இரவு புட்டு என்று அவன் மனைவி வேலைக்குப் போய்வந்த கையோடு அடுப்படியில் நிற்பார். "அண்ணை, இன்னும் ரெண்டு நாள் நிண்டிட்டுப் போங்கோ" என்று அவர் சொல்வது உண்மையான அன்புதான், எனக்குத் தெரியும். ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சும்மா சொல்லவில்லை. நாங்கள் ஆண்கள் சேர்ந்து ஊர் சுற்றுகிற சந்தோஷத்தின் செலவை யார் கட்டுகிறார்கள் என்று இந்த வயதிலாவது பார்க்க வேண்டும்.

அதனால் எந்த ஊரானாலும் முதல் இரண்டு இரவு நண்பன் வீடு, மிச்சம் அவன் வீட்டுக்குக் கிட்ட ஓர் அறை என்று முடிவெடுத்தேன். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு நேரம் போனால் போதும், மற்ற நேரம் எல்லாரையும் வெளியே கூட்டிப்போகலாம். வளசரவாக்கத்தான் தனி ஆள், ஒற்றை அறையில் இருக்கிறான். அவனிடம் இதைச் சொல்லவே தேவையில்லை. தரையில் பாய் விரித்துக் கதைத்துக்கொண்டு படுக்கலாம். அவன் குறட்டை விடுவான் என்பது 1994இலிருந்தே தெரியும்.

வேறு யோசனைகளும் வந்தன. எல்லாரும் நல்லூர்த் திருவிழாவுக்கு இங்கே வந்தால் என்ன என்று மனைவி கேட்டார். வெள்ளவத்தையான் வருடா வருடம் வருகிறான், ஆனால் இருபத்தைந்து நாள் திருவிழாவில் அவன் வருகிற நான்கு நாளும் இனசனம் வீட்டுக்கு வீடு இழுக்கும். வளசரவாக்கத்தானுக்குக் கடதாசிகள் இன்னும் சரிவரவில்லை. அவன் வெளிக்கிட்டால் திரும்பிப் போவது நிச்சயமில்லை. கண்டியிலோ திருகோணமலையிலோ சந்திப்பதும் இதே காரணத்தால் முடியாது.

இதை எழுதும்போதே முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. காசு, கடதாசி, தூரம், நெரிசல் எல்லாவற்றிலும் கொழும்புதான் லாபம். குடும்பமாகப் போகிறவர்களுக்கும், மூன்று நாள் மட்டும் லீவு உள்ளவர்களுக்கும், முதன்முதல் வெளிக்கிடுகிறவர்களுக்கும் கொழும்பையே சொல்வேன். ஞாயிறும் பொயாவும் ஒட்டிவருகிற ஒரு கிழமையாகப் பார்த்துப் போங்கள், பகல் ரயிலில் போங்கள். ஆனால் வெள்ளவத்தையானை நான் போன ஓகஸ்டிலும் பார்த்தேன், அடுத்த ஓகஸ்டிலும் பார்ப்பேன். வளசரவாக்கத்தானைக் கடைசியாகப் பார்த்தது ஒரு வள்ளத்துறையில். அவனால் வர முடியாது, என்னால் போக முடியும். இந்த ஒரு வரியை மற்ற எல்லா வரிகளுக்கும் மேலே வைத்துப் பார்த்தபோது மிச்சக் கணக்கெல்லாம் ஒன்றுமில்லாமல் போனது.

வெள்ளவத்தையானுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அப்ப அந்தக் கோபுரத்திலை நான் இன்னும் ஒரு வருசம் ஏறத் தேவையில்லை" என்றான். வைக்கிறதுக்கு முன், சென்னைக்காரனுக்கென்று கொஞ்சக் காசு அனுப்பிவிடுகிறேன், என் கையாலேயே கொடு என்றும் சொன்னான்.

சென்னைக்காரனிடம் என்ன கொண்டுவர என்று கேட்டேன். "ஒரு பை புழுக்கொடியல் மட்டும் கொண்டு வா, வேறை ஒண்டும் வேண்டாம்" என்றான். அவித்துக் காயவைத்த எங்கள் பனங்கிழங்குதான் அது. சிறிது நேரத்தில் இன்னொரு குரல்பதிவு வந்தது: "மாவாக இடிச்சே கொண்டு வா மச்சான், பல்லு இப்ப ஏலாது."